நாடக மேடை லைட்டுக்கு ராஸ்பெர்ரி பை: போன பங்குனியில் நடந்ததும் இந்த முறை தேவைப்படுவதும்

சங்கத்து உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

நம் ஊர்ப் பங்குனித் திருவிழா நாடக மேடைக்கு லைட் ஏற்பாடு செய்வது பற்றிக் குவைத் சித்தப்பா போட்ட மடலைப் படித்தேன். "வெளியூர் லைட் செட்டை வாடகைக்குப் பேசிவிடலாம், லைட்டை இயக்கும் கன்சோலும் ஆளும் அவர்களே கொண்டு வந்துவிடுவார்கள்" என்று சித்தப்பா சொல்கிறார். செலவுக் கணக்கைப் பார்த்தால் அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் போன பங்குனியில் இரண்டு ராத்திரியும் லைட்டை இயக்கிய நம் சின்னப் பெட்டியோடு மேடை ஓரத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். அங்கே பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: வாடகை செட் வேண்டாம்.

பெட்டி என்னவென்று தெரியாதவர்களுக்காக. ராஸ்பெர்ரி பை என்பது உள்ளங்கையில் அடங்கும் ஒற்றைப் பலகைக் கம்ப்யூட்டர். பிள்ளைகள் மலிவாக நிரல் எழுதிப் பழகட்டும் என்று இங்கிலாந்தில் உருவாக்கி, 2012 பிப்ரவரியில் 35 டாலருக்கு விற்பனைக்கு விட்டார்கள். நம்மிடம் இருப்பது 2016இல் வந்த பை 3. அதில் க்யூஎல்சி பிளஸ் என்ற, மேடை லைட்டை இயக்கும் இலவச மென்பொருள் ஓடுகிறது. பையின் யூஎஸ்பி துளையில், அது சொல்வதை லைட்டுக்குப் புரியும் சிக்னலாக மாற்றுகிற ஒரு டிஎம்எக்ஸ் கருவி, அதிலிருந்து லைட்டுக்கு ஒரு கேபிள். அவ்வளவுதான்.

மேடை லைட்டுகளுக்கு என்று டிஎம்எக்ஸ்-512 என்ற பொது மொழி இருக்கிறது. 1986இல் அமெரிக்க நாடகத் தொழில்நுட்பக்காரர்களின் அமைப்பு வகுத்தது. இன்றைக்கும் உலகம் முழுக்க அதுதான். ஒரே கேபிளில் 512 சேனல், ஒவ்வொரு சேனலிலும் 0 முதல் 255 வரை ஏதாவது ஓர் எண். நம் எல்இடி பார் (PAR) லைட் ஒன்றுக்கு ஏழு சேனல் வேண்டும்: மொத்த வெளிச்சம், சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, ஸ்ட்ரோப் (படபடவென்று மின்னுவது), லைட்டுக்குள்ளேயே பதிந்து வரும் கலர் ஆட்டம். முதல் லைட்டின் முகவரி (அதன் முதல் சேனல் எண்) 1, அடுத்தது 8, அதற்கடுத்தது 15. எட்டு லைட்டும் 56 சேனலில் முடிந்துவிடும். 512 சேனலையும் அனுப்பினால்கூட ஒரு சுற்றுக்கு 23 மில்லி செகண்டுதான் ஆகும், அதாவது நொடிக்கு 44 தடவை.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. டிஎம்எக்ஸ் கருவியில் இரண்டு வகை உண்டு. விலை குறைந்த வகையில் நேரக் கணக்கு முழுவதும் கம்ப்யூட்டரின் தலையில் விழும். பை வேறு வேலையில் ஒரு நொடி கவனம் திருப்பினாலும் லைட் துடிக்கும். மற்ற வகையில் தனியாக ஒரு சில்லு உட்கார்ந்து நேரத்தைப் பார்த்துக்கொள்ளும். கூடக் கொஞ்சம் ஆனாலும் அதைத்தான் வாங்க வேண்டும். மின்தடுப்பு, அதாவது லைட் பக்கத்து மின்சாரம் பை பக்கம் வராமல் பிரிக்கிற வசதி, உள்ளதாகவும் இருக்க வேண்டும். ஜெனரேட்டர் பக்கமிருந்து ஏதாவது கசிந்தால் முதலில் போவது பை.

சரி, சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

நான் சிங்கப்பூரில் நண்பர்கள் போடும் தமிழ் நாடகங்களுக்கு லைட் பார்க்கிறேன். அங்கே எல்லாம் வரிசைதான். ஒத்திகையிலேயே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டுப் பதிந்துவைத்துவிடுவோம். மேடை நிர்வாகி சொன்னதும் ஒரு பொத்தானை அழுத்தினால் அடுத்த எண் வந்துவிடும். அதே பழக்கத்தில் வள்ளி திருமணத்துக்கும் நாற்பது எண் பதிந்து கொண்டுபோனேன்.

பத்து மணிக்கு நாடகம் ஆரம்பித்தது. பதினொன்றரைக்கெல்லாம் என் வரிசை பயனற்றுப் போய்விட்டது. நம் ஊரில் நடப்பது ஸ்பெஷல் நாடகம். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊர், பபூன் வேறோர் ஊர். சாயங்காலம் வந்து இறங்கி, அரிதாரம் பூசிக்கொண்டு நேராக மேடையேறுகிறார்கள். ஒத்திகை என்ற பேச்சே கிடையாது. பபூன் அரை மணி நேரம் என்று நான் குறித்திருந்தேன்; கூட்டம் விடவில்லை, ஒன்றேகால் மணி நேரம் போனது. நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம் எந்தப் பாட்டில் திரும்பும், எதில் முடியும் என்பது அந்த இரண்டு பேருக்கே அப்போதுதான் தெரியும். நடுவில் அன்பளிப்பு அறிவிப்பு வேறு. இதற்கு எண் வரிசை போட்டுக்கொண்டு போனால் எந்தக் கன்சோலாலும் ஒன்றும் செய்ய முடியாது. வாடகை செட்டோடு வருகிற ஆளுக்கும் இதே கதிதான். அவர் நாடகம் தெரியாதவர் என்றால் ராத்திரி முழுக்கக் கலர் ஓடவிட்டுவிட்டுப் படுத்துவிடுவார்.

மறுநாள் மத்தியானம் மைக்செட் மாமாவின் மகன்தான் வழி காட்டினான். பாலிடெக்னிக் படிக்கிற பையன். "அண்ணே, வரிசை எதுக்கு? எனக்கு எட்டு பட்டன் போதும், எப்ப எதை அமுக்கணும்னு நான் பாத்துக்கிறேன்" என்றான். பழைய யூஎஸ்பி நம்பர் பேட் ஒன்று அவன் வீட்டில் கிடந்தது. அதை ராஸ்பெர்ரி பையில் மாட்டி, ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு காட்சியைக் கட்டிக்கொடுத்தேன். பொட்டுத்தாளை வெட்டி அவனே நிறம் ஒட்டினான். பச்சை, காடு. மஞ்சள், அரண்மனை. நீலம், ராத்திரி. வெள்ளை, பபூன். கருஞ்சிவப்பு, மயானம். பபூன் பட்டன் மட்டும் சட்டென்று மாறும், மற்றதெல்லாம் மூன்று நொடியில் மெதுவாக ஏறும். போனிலிருந்தும் இயக்கலாம்தான். ஆனால் பை 3இல் இருப்பது 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும். திருவிழாக் கூட்டத்தில் அத்தனை போனுக்கு நடுவே அதை நம்ப முடியாது. வயர்தான் சரி.

இரண்டாம் ராத்திரி அரிச்சந்திரா. அவன் நம்பர் பேடை மடியில் வைத்துக்கொண்டு ஹார்மோனியக்காரருக்குப் பின்னாலேயே உட்கார்ந்துவிட்டான். மேடையைவிட அவன் அதிகம் பார்த்தது அவருடைய இடது கையைத்தான், துருத்தியை இழுக்கிற கையை. விருத்தம் எடுக்கப் போகிறார் என்றால் அந்தக் கை ஒரு கணம் நிதானிக்குமாம். அந்த நிதானத்தில் இவன் நீலத்தை அழுத்திவிடுவான். பாட்டு வாயிலிருந்து வரும்போது லைட் பாதி தூரம் வந்திருக்கும். எத்தனையோ வருஷம் லைட் பார்த்தும் இது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அப்பாவின் மைக்செட்டோடு ஊர் ஊராகப் போய் விடிய விடிய நாடகம் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குத் தெரிந்தது. அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், இந்தப் பெட்டி நம் ஊரிலேயே இருக்க வேண்டும், அதை இயக்குகிறவர்களும் நம் ஊர்ப் பிள்ளைகளாக இருக்க வேண்டும் என்று.

அன்றைக்கு நேர்ந்த தவறையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மூன்று மணிக்கு மேல் மயான காண்டம். லோகிதாசனை மடியில் கிடத்திச் சந்திரமதி அழுதுகொண்டிருக்கிறாள். கரண்ட் போய், ஜெனரேட்டருக்கு மாறியது. லைட்டுகள் உடனே உயிர் பெற்றன. பை மறுபடி எழுந்து வர முக்கால் நிமிஷம் ஆனது. சிக்னல் வராவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று லைட்டின் மெனுவில் ஓர் அமைப்பு இருக்கிறது. அதை நான் பார்க்காமல் விட்டிருந்தேன். எட்டு லைட்டும் தானாகவே ஆட்டத்துக்குப் போய்விட்டன. செத்த பிள்ளையின் முகத்தில் ஊதாவும் பச்சையும் மாறி மாறி ஓடியது. அந்த அம்மா கண்ணைத் திறக்காமல் பாடிக்கொண்டே இருந்தார். முன்வரிசையிலிருந்து ஓர் அப்பத்தா "வெளக்க அமத்துங்கடா" என்று கத்தியது இன்னும் காதில் கேட்கிறது. ஓடிப்போய் மொத்த பிளக்கையும் பிடுங்கினேன். மிச்சக் காட்சி ஓரத்து டியூப்லைட் வெளிச்சத்தில்தான் நடந்தது. நாடகம் முடிந்ததும் சந்திரமதியாக நடித்த அம்மாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "பாட்டு நிக்கல தம்பி, அது போதும்" என்றார்.

இந்த முறை அப்படி நடக்கக் கூடாது. லைட் ஒவ்வொன்றிலும் சிக்னல் போனால் கடைசியாக இருந்த நிறத்திலேயே நிற்கும்படி மாற்றிவிட்டோம். பைக்குத் தனி பேட்டரி வேண்டும்: 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர், அதோடு 5 வோல்ட்டாக இறக்குகிற ஒரு சின்னப் பலகை. பையும் கருவியும் சேர்ந்து 5 வாட்டுக்குள்தான் இழுக்கும். பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம் என்று கணக்குப் போட்டாலும் எட்டு மணி நேரம் வரும், விடியும்வரை தாங்கும். மெமரி கார்டு திடீர் கரண்ட் வெட்டில் கெட்டுப்போகக்கூடியது. அதனால் நாடகத்தன்று கார்டில் எதுவும் எழுதாதபடி பூட்டி ஓட்டுவோம், பையிலேயே அதற்கு வசதி இருக்கிறது. நகல் கார்டு ஒன்று மைக்செட் மாமா வீட்டில், ஒன்று என்னிடம்.

பணம் போட வேண்டிய இடம் கூடுதல் லைட் அல்ல. முதலில் மேடைக்குப் பின்னால் முறையான எர்த் குழி. உப்பும் கரியும் போட்டுத் தோண்ட வேண்டும். மின்சார வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்ற மேலத்தெரு பெரியப்பா மேற்பார்வை பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டார். அடுத்தது கேபிள். போன தடவை மைக் கேபிளையே இழுத்திருந்தோம். பிளக் ஒன்றுபோல இருக்கும், ஆனால் டிஎம்எக்ஸுக்கு 120 ஓம் கேபிள் வேறு. கடைசி லைட்டில் 120 ஓம் ரெசிஸ்டர் வைத்த பிளக் ஒன்றையும் மாட்ட வேண்டும், இல்லையென்றால் சிக்னல் திரும்பி வந்து மோதும். ரெசிஸ்டர் ஒரு ரூபாய்ச் சமாச்சாரம்தான்.

அப்புறம் முகத்துக்கு விழும் வெளிச்சம். சிவப்பு, பச்சை, நீலம் கலந்து உண்டாக்குகிற வெள்ளையில் அரிதாரம் பூசிய முகம் நோயாளி முகம் மாதிரி வெளிறித் தெரிகிறது. பெட்ரோமாக்ஸ் கட்டி நாடகம் பார்த்த காலத்தில் முகம் எப்படி ஜொலிக்கும் என்று அம்மா அடிக்கடி சொல்வார். முன்பக்கத்துக்கு இளமஞ்சள் வெள்ளை எல்இடி நான்கு மட்டும் புதிதாக வாங்கினால் போதும்.

துபாய், கத்தார் பக்கமிருந்து பங்குனிக்கு ஊருக்கு வருகிறவர்கள் யாராவது டிஎம்எக்ஸ் கேபிளுக்கான மூன்று முனை பிளக் இருபது வாங்கி வர முடியுமா? எர்த் குழிக்கும் கேபிளுக்கும் ஆகும் செலவைப் பெரியப்பா எழுதி அனுப்பியதும் இங்கே போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை இந்திய நேரம் ராத்திரி எட்டு மணிக்கு வீடியோ அழைப்பில் மைக்செட் மாமா மகனுக்கும் அவன் கூட்டாளிக்கும் புதுக் காட்சிகள் அமைக்கச் சொல்லித்தருகிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஊரில் இருந்தால் சேர்ந்துகொள்ளச் சொல்லுங்கள்.

அன்புடன்,
கீழத்தெரு, கிணற்றடி வீடு
சிங்கப்பூரிலிருந்து