ஓவியம் மட்டும் உள்ள காட்சியகத்தில் கூத்து உடுப்பு, ஏடு, கைத்தறி சேர்ப்பது எப்படி?

கேள்வி (மட்டக்களப்பு):
எங்கட சின்னக் காட்சியகத்தில ஓவியங்கள் மட்டும்தான் இருக்கு. வடமோடிக் கூத்து உடுப்பு, ஏடு, மருதமுனைக் கைத்தறியும் சேர்க்க யோசிக்கிறம். எங்க தொடங்கிறது?

பதில் 1:
முதல்ல சேகரிப்புக் கொள்கை எழுதுங்க: எந்தக் காலம், எந்தச் சமூகங்கள், எதை ஏற்கமாட்டம் எண்டு. இல்லாட்டி கிடைக்கிற எல்லாத்தாலும் அலுமாரி நிரம்பிப் போகும். நன்கொடைக்கும் கையெழுத்திட்ட உரிமை மாற்றக் கடிதம் கட்டாயம். "எப்பவும் காட்சியில வைக்கோணும்" எண்டு நிபந்தனை போட்டா வாங்காதீங்க. ஒவ்வொரு பொருளுக்கும் இலக்கம் 2025.3.1 மாதிரி: ஆண்டு, அந்த ஆண்டில எத்தனையாவது வரவு, அந்த வரவில எத்தனையாவது பொருள்.

பதில் 2:
புதுசா வாறதை உடன களஞ்சியத்தில வைக்காதீங்க. தனி அறையில பூச்சி பாருங்க. துணியைப் பொலித்தீனில காற்றுப் போகாமல் மூடி, பூச்சி சாக -20 பாகை செல்சியஸில ஒரு கிழமை உறைய வையுங்க. வெளியில எடுத்து 24 மணித்தியாலம் பையைத் திறக்கக் கூடாது, ஈரம் துணியில படியும். கூத்து முடியை (கிரீடத்தை) உறைய வைக்கவே வேண்டாம். மரமும் பசையும் வேற வேற அளவில சுருங்க, கண்ணாடித் துண்டு உதிரும். மாரியில ஈரப்பதன் 65 வீதத்தைத் தாண்டினா ஏட்டில பூஞ்சணம் பிடிக்கும்.

பதில் 3:
முடி வாங்கும்போதே அண்ணாவியாரிட்ட (கூத்துப் பழக்கிறவரிட்ட) கேட்டுப் பதியுங்க: எந்தக் கூத்து, எந்தப் பாத்திரம், ஆர் செய்தது. பழைய சிலை, கல்வெட்டு ஆராவது கொண்டந்தா வாங்காமல் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்க.