யோம் கிப்பூர் நோன்பு முடிக்கும் சாப்பாடு: வட்டக்கானலில் 10 பேருக்கு எப்படித் திட்டமிடுவது?

வட்டக்கானல் மலைவீடு

கொடைக்கானல் பக்கத்து வட்டக்கானலில் எங்க ஹோம்ஸ்டேயில் 2026 செப்டம்பர் 20 ஞாயிறு சாயங்காலத்திலிருந்து 21 திங்கள் இரவு வரை இஸ்ரேலிய விருந்தினர் 10 பேர் யோம் கிப்பூர்ங்கற யூதர்களோட நோன்பு இருக்காங்க. பச்சைத் தண்ணிகூடக் கிடையாது. முடிஞ்சதும் சாப்பாடு நாங்க தரணும். காரம் வேண்டாம், கறி வேண்டாம்னு சொல்லிட்டாங்க. ஓரளவு ஆசாரம் பார்க்கிறவங்க. ரெண்டு பர்னர் அடுப்பு, 5 லிட்டர் குக்கர், சின்ன ஃப்ரிட்ஜ் இருக்கு. திங்கள் மத்தியானம் சமையலை ஆரம்பிச்சா நேரம் சரியா வருமா? என்ன செய்யலாம்?

கொடை அடுப்படி

திங்கள் மத்தியானம் சமைக்காதீங்க அண்ணே. முதல்ல சரிசெய்ய வேண்டியது அதுதான். அன்னிக்கு அவங்க அடுப்பு மூட்டக் கூடாது. அவங்களுக்காக வேறொருத்தர் அன்னிக்குச் சமைச்சு வெச்சாலும், பொழுது இறங்கின உடனே அதைச் சாப்பிட முடியாது. புதுசாச் சமைக்க ஆகிற நேரம் காத்திருக்கணும்னு அவங்க சட்டம். 25 மணி நேரம் பட்டினி கிடந்தவங்களை அதுக்கு மேலயும் உட்கார வைக்கிற மாதிரி ஆயிடும். ஞாயிறு மூணு, நாலு மணிக்குள்ள சமையலை முடிச்சு ஃப்ரிட்ஜில் வெச்சிடுங்க. திங்கள் இருட்டின பிறகு சூடு மட்டும் பண்ணுங்க.

யூதரல்லாதவங்க மட்டுமே சமைச்சது அவங்களுக்கு ஆகாது, அதனால ஞாயிறு அடுப்பை அவங்களில் ஒருத்தரையே பற்றவைக்கச் சொல்லுங்க. ஐரோப்பிய வழி யூதர்களுக்கு அது போதும். மத்தியக் கிழக்கு, வட ஆப்பிரிக்க வழியினர் பாத்திரத்தை அடுப்பில் ஏத்துறதும் தங்க கையாத்தான் இருக்கணும்பாங்க. ரெண்டையும் அவங்ககிட்டயே விட்டுட்டா பிரச்சினை இல்லை. கறி சமைச்ச பாத்திரம் ஆகாது. புது எவர்சில்வர் வாங்குங்க, அதையும் முன்கூட்டியே காட்டிக் கேட்டுக்குங்க.

செப்டம்பர் 21 அன்னிக்குக் கொடைக்கானலில் சூரியன் மறையறது ஏறக்குறைய 6.15. நோன்பு அதோட முடியாது, மூணு நட்சத்திரம் தெரியணும். மஞ்சு மூடியிருந்தா வானத்தைப் பார்த்துப் பலனில்லை, அவங்க கணக்குப் போட்ட நேரம் வெச்சிருப்பாங்க. 6.45, 6.50ஐ ஒட்டி வரும். அதை முந்தின நாளே கேட்டு எழுதி வெச்சுக்குங்க.

பருப்பும் பாத்திரமும்

10 பேருக்கு அளவு சொல்றேன்.

சூப்: மைசூர் பருப்பு 500 கிராம், வெங்காயம் 3, கேரட் 4, பூண்டு 6 பல், சீரகத்தூள் 2 டீஸ்பூன், மஞ்சள் அரை, தண்ணி 3 லிட்டர். 5 லிட்டர் குக்கரில் இது மொத்தமும் கொள்ளாது. பருப்பையும் காயையும் ஒண்ணரை லிட்டரில் வேகவெச்சு, மீதியைப் பெரிய பாத்திரத்தில் சேர்த்துக் கொதிக்க விடுங்க. உப்பு குறைவாவே போடுங்க, எலுமிச்சை பரிமாறும்போதுதான். ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் இருந்தா கெட்டியாகி அடிப்பிடிக்கும். சூடு பண்ணும்போது அரை லிட்டர் வெந்நீர் விட்டுக் கிளறணும். சூடா இருக்கிறதை அப்படியே சின்ன ஃப்ரிட்ஜில் தள்ளாதீங்க, நடுவில் ஆறாமல் புளிச்சுடும். ரெண்டு மூணு அகலப் பாத்திரமாப் பிரிச்சு, குளிர்ந்த தண்ணியில் நிறுத்தி ஆறவெச்சு வையுங்க.

ஷக்ஷூகா (தக்காளித் தொக்கில் முட்டை வேகவைக்கிறது): தக்காளி 2 கிலோ, வெங்காயம் 4, குடைமிளகாய் 3, எண்ணெய் 100 மில்லி, காஷ்மீர் மிளகாய்த்தூள் 2 டீஸ்பூன். தொக்குக்கு முந்தின பதம் வரை 40 நிமிஷம் சுண்டட்டும். இது ஞாயிறே தயார். திங்கள் ராத்திரி சூடாக்கி, குழி பண்ணி 15 முட்டை உடைச்சு ஊத்தி மூடுங்க. ஒவ்வொண்ணையும் கிண்ணத்தில் தனியா உடைச்சுப் பாருங்க. ரத்தப்புள்ளி இருந்தா அந்த முட்டை ஆகாது. அந்த நேரத்துக்கும் அடுப்பை அவங்களே பற்றவைக்கட்டும்.

ஹம்முஸுக்கு (கொண்டைக்கடலை மசியல்) 300 கிராம் வெள்ளைக் கொண்டைக்கடலையைச் சனிக்கிழமை ராத்திரியே ஊறப்போடணும். நம்ம உயரம் 2,100 மீட்டர், தண்ணி 93 டிகிரியிலேயே கொதிச்சிடும். திறந்த பாத்திரத்தில் கடலை கல்லாவே நிக்கும். குக்கரிலும் மதுரையில் 5 விசில்னா இங்கே 7 வையுங்க. அதில் சேர்க்கிற தஹினிக்கு (எள் விழுது) வெள்ளை எள் லேசாச் சூடேறினாப் போதும். சிவந்தால் கசக்கும், எலுமிச்சை பிழிஞ்சும் அந்தக் கசப்பு போகாது.

கோத்தகிரி பேக்கரி

மேலே விட்டுப்போன ஒண்ணு. சாப்பாட்டுக்கு முன்னாடி ஹவ்தலான்னு ஒரு சடங்கு இருக்கு. ஒயின் அல்லது திராட்சைச் சாறு கிண்ணத்தில் வெச்சு ஆசி சொல்லி, விளக்கொளியைப் பார்த்துட்டுத்தான் வாய் நனைப்பாங்க. நீங்க கடையில் வாங்கற ஒயினோ திராட்சைச் சாறோ பெரும்பாலும் செல்லாது, கோஷர் (யூத உணவு விதிப்படி ஆனது) முத்திரை வேணும். அதை அவங்களையே கொண்டுவரச் சொல்லிடுங்க. அந்த விளக்கு நோன்பு தொடங்குறதுக்கு முன்னாடி ஏத்தி, அணையாமல் எரிஞ்சதா இருக்கணும். வட்டக்கானல் காத்துக்கு வெறும் மெழுகுவத்தி நிக்காது. கண்ணாடிக் கூண்டு போட்ட அரிக்கேனில் எண்ணெய் முழுசா ஊத்தி, ஜன்னல் ஓரம் இல்லாத இடத்தில் வையுங்க. நடைபாதை லைட்டை ஞாயிறே போட்டு விட்டுடுங்க. அவங்க சுவிட்சைத் தொட மாட்டாங்க.

வட்டக்கானல் மலைவீடு

ரொம்ப நன்றி. எல்லாத்தையும் ஒரே நேரத்தில் மேசையில் வெச்சிடலாமா? காபி முதல்லயே கேட்பாங்கன்னு நினைக்கிறேன்.

பருப்பும் பாத்திரமும்

வேண்டாம். முதல் தட்டில் வெதுவெதுப்பான தண்ணி, பேரீச்சம்பழம், நல்லாப் பழுத்த பேரிக்காய்த் துண்டு மட்டும். ஈரான் யூதர்கள் துருவின ஆப்பிளில் பன்னீரும் சர்க்கரையும் ஐஸும் சேர்த்துத்தான் நோன்பு முடிப்பாங்க. குளிர் ராத்திரியில் ஐஸ் இல்லாமலே குடுக்கலாம். கால் மணி நேரம் விட்டு சூப். முட்டையும் ரொட்டியும் அதுக்கப்புறம். வெறும் வயித்தில் ஹம்முஸும் எண்ணெயும் ஒண்ணா இறங்கினா வயிறு பொருமும், சிலருக்குக் குமட்டும்.

காபி நிறுத்தினதால்தான் பாதிப் பேருக்கு மண்டையிடி வந்திருக்கும், அதனால கேட்கத்தான் செய்வாங்க. ஏதாவது சாப்பிட்ட பிறகு குடுங்க. பேக்கரி ரொட்டியில் பன்றிக்கொழுப்பு இல்லைன்னு கேட்டு வாங்குங்க. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நாலு கையில் வெச்சிருங்க. யாருக்காவது சர்க்கரை வியாதி இருந்தா, யாராவது கர்ப்பமா இருந்தா சனிக்கிழமைக்குள்ள தெரிஞ்சுக்குங்க. உயிருக்கு ஆபத்துன்னா நோன்பை விட்டுடணும்னுதான் அவங்க சட்டமே சொல்லுது, அதனால தலைசுத்தி மயக்கம் வர்ற மாதிரி இருந்தா தண்ணி குடுக்கத் தயங்காதீங்க.