மறுமொழி: ஸ்டாக் கார், ஷார்ட் டிராக், லேப்: தமிழில் எப்படி?

வணக்கம். கார்ப் பந்தயச் சொற்களுக்கு இங்கே வந்த பரிந்துரை இது:

> ஸ்டாக் கார் = சரக்குக் கார்; ஷார்ட் டிராக் = குறுவட்டம்; லேப் = வலம்

மூன்றிலும் எனக்குத் தயக்கம். சரக்கு என்றதுமே லாரிதான் கண்ணில் நிற்கும். இங்கே ஸ்டாக் என்பது கடையில் எல்லாருக்கும் விற்கிற அதே கார். 1949-இல் அமெரிக்கப் பந்தய அமைப்பான நாஸ்கார் தன் ஸ்டாக் கார் தொடரைத் தொடங்கியபோது கை வைக்காத கார்களைத்தான் ஓட்டவிட்டார்கள். அறுபதுகளில் உள்ளே குழாய்க்கூண்டு, முறுக்கேற்றிய எஞ்சின் என்று நிறைய மாறிவிட்டாலும், வெளிக்கூடு தெருவில் ஓடும் செவர்லேயாகவும் ஃபோர்டாகவுமே இருந்தது. அதனால் 'புழக்கக் கார்' என்கிறேன். பழைய கார் என்று தொனிக்காது. அதை நாம் செகண்ட் ஹேண்ட் என்றுதானே சொல்கிறோம்.

குறுவட்டம் வருவாய்த் துறையில் பிர்காவுக்கு ஏற்கெனவே வழங்குகிறது. ஒரு மைலுக்கும் குறைவான பந்தயப் பாதைக்குக் 'குறுந்தடம்' போதும். வலம் அழகான சொல்தான், ஆனால் இந்த வட்டத் தடங்களில் எல்லாத் திருப்பமும் இடப்பக்கம். 'சுற்று' இருக்கட்டும்.

சரி, யாரும் தொடாத ஒன்று: லேப் டவுன், அதாவது முன்னிலையில் இருப்பவரைவிட முழுச் சுற்றுக் கணக்கில் பின்தங்குவது. அது இல்லாமல் 1963 டிசம்பர் 1 அன்று ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில் நடந்ததைத் தமிழில் சொல்லவே முடியாது. அரை மைல் மண் தடம், 200 சுற்று. இவ்வளவு சின்ன வட்டத்தில் வேகமான கார் மெதுவான காரைத் திரும்பத் திரும்பத் தாண்டும். கண்ணுக்கு முன்னால் போகிறவர் கணக்கில் இரண்டு சுற்று பின்னால் இருப்பார். அந்தக் கணக்கை வைத்தது மனிதக் கைதான். குறி போடுபவர் தன் பொறுப்பில் உள்ள கார் கோட்டைத் தாண்டும்போதெல்லாம் தாளில் ஒரு குறி போடுவார்.

அன்று வெண்டல் ஸ்காட் என்ற ஓட்டுநர் 34-ஆம் எண் செவர்லேயில் முதலில் முடித்தார். பந்தய முடிவுக் கொடி அவருக்கு அசையவில்லை. பக் பேக்கர் என்ற இன்னொரு ஓட்டுநர் வென்றதாக அறிவித்து, கோப்பையையும் அவரிடமே கொடுத்தார்கள். மணிக்கணக்கில் தாள்களைச் சரிபார்த்த பிறகு, ஸ்காட் இரண்டு சுற்று முன்னிலையில் வென்றதை ஒப்புக்கொண்டார்கள். அதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது. அந்தத் தொடரில் வென்ற முதல் கறுப்பினத்தவர் அவர். வெறும் கணக்குப் பிழை என்று அமைப்பாளர்கள் சொன்ன விளக்கத்தை அவர் ஏற்கவில்லை, நானும் ஏற்கமாட்டேன். அவர் 1990-இல் காலமானார். நாஸ்கார் அவர் குடும்பத்தாரிடம் கோப்பை கொடுத்தது 2021-இல்.

லேப் டவுனுக்கு 'சுற்றிழப்பு' என்று வைக்கலாமா? குறி போடுபவருக்கு 'சுற்றுக் கணக்கர்'. 'சுற்றெண்ணி' என்றால் கருவிபோல் இருக்கிறது, அதை இப்போதைய மின்னணுப் பெட்டிக்கு வைத்துக்கொள்வோம்.

வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: "குறுந்தடத்தில் நடந்த புழக்கக் கார் பந்தயத்தில் இரண்டு சுற்றிழப்போடு முடித்தவர் கையில் கோப்பை இருந்தது." எனக்கு உறுத்தவில்லை. 'சுற்றிழப்பு' தோல்வி என்று தொனிக்கிறதா என்று மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்