அப்டேட்: ஓர்லாண்டோ ரிசார்ட் ரூம் விஷயம்

தீம் பார்க் பக்கத்து ரிசார்ட்ல ஏசி தண்ணி சொட்டி கார்பெட் ஊறிப்போய், பாப்பா ஈர சாக்ஸோட அழுதுட்டு நின்னான்னு போன வாரம் எழுதியிருந்தேன்ல, அதோட தொடர்ச்சி இது. போட்டோ காட்டி சண்டை போட்டதுல ஒரு நைட் காசு திரும்ப வந்துச்சு, ரிசார்ட் ஃபீ (குளம் மாதிரி வசதிகளுக்குன்னு ரூம் வாடகைக்கு மேல கட்டாயமா வாங்குற காசு) மட்டும் தர முடியாதாம். முதல்லயே அது தெரியாதான்னு கேட்டீங்க. தெரியும்ங்க, 2025 மே 12லேர்ந்து அமெரிக்காவுல ஹோட்டல்காரங்க கட்டாய ஃபீ எல்லாம் சேர்த்துத்தான் மொத்த விலையைக் காட்டணும், வரி மட்டும் தனியா வரலாம், அங்க அது 12.5 சதவீதம். ஆனா அந்த ஃபீல சேர்ந்த நீச்சல்குளத்தை நாலு நாளும் பூட்டியே வெச்சிருந்தாங்க, அது எப்படி நியாயம்? அந்த ஃபீயைத் திரும்பக் கேட்டு கார்டு கம்பெனியில டிஸ்ப்யூட், அதாவது புகார், போட்டுட்டேன். பாப்பா இன்னும் குளத்துக்கு எப்ப போவோம்னுதான் கேக்குறா.