லெமூர் என்றால் பேயா?

வேப்பங்கிளை:
ஒரு ஆவணப்படத்தில், லெமூர் (குரங்குக்கு உறவான மடகாஸ்கர் விலங்கு) என்றால் லத்தீனில் ஆவி, பெரிய கண்ணும் இருட்டில் போடும் சத்தமும் பேய் மாதிரி இருந்ததால் அந்தப் பெயர் என்றார்கள். ஆனால் அடுத்த காட்சியிலேயே மடகாஸ்கரில் ஒரு வளையவால் லெமூர் காலை வெயிலில் கையை விரித்து, வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு சாமியார் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. பேய் வெயில் காயுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழஞ்சுவடி:
பேய் சரி, காரணம்தான் தப்பு. ரோமானியர்கள் லெமூரெஸ் என்றது, செத்த பிறகும் ராத்திரியில் அலைகிற ஆவிகளை. மே 9, 11, 13 தேதிகளில் நடுராத்திரியில் வீட்டுத் தலைவர் வெறுங்காலோடு எழுந்து, கறுப்பு அவரை விதைகளைத் திரும்பிப் பார்க்காமல் பின்னால் எறிந்து, இதைக் கொடுத்து என்னையும் என்னைச் சேர்ந்தவர்களையும் மீட்கிறேன் என்று ஒன்பது தடவை சொல்வாராம். உயிரினங்களுக்கு லத்தீன் பெயர் வைத்த ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் அந்தச் சொல்லைத்தான் எடுத்துக்கொண்டார். ஏன் என்று 1754இல் அவரே எழுதியிருக்கிறார்: முக்கியமாக ராத்திரியில் நடமாடுகின்றன, ஓரளவு மனுஷச் சாயல், மெதுவாக அடியெடுத்து அலைகின்றன. கண், சத்தம் என்ற பேச்சே அதில் இல்லை.

வேப்பங்கிளை:
மெதுவாகவா? படத்தில் மரத்துக்கு மரம் தாவுகிறதே!

இரவாடி:
அங்கேதான் விஷயம் இருக்கிறது. அவர் அதை எழுதியது நம்ம தேவாங்கைப் பற்றி! ஒரு கையை எடுத்துக் கிளையைப் பிடித்த பிறகுதான் அடுத்த காலை நகர்த்தும், அப்படி ஒரு நிதானம். அவர் வைத்த பெயரே லெமூர் டார்டிகிரேடஸ், அதாவது மெல்ல நடப்பது. 1758இல் வளையவாலையும் அதே பேரினத்தில் சேர்த்தார், கூடவே கொலுகோவையும் (மரத்துக்கு மரம் காற்றில் சறுக்கும் பிராணி; பறக்கும் லெமூர் என்பார்கள், அது பறப்பதும் இல்லை, லெமூரும் இல்லை). பிற்பாடு தேவாங்கை லோரிஸ் என்று தனியாகப் பிரித்துவிட்டார்கள். பேய்ப்பெயர் மட்டும் பகலில் சுற்றுகிற வளையவாலிடம் தங்கிவிட்டது.

கடலோடி:
அப்போ லெமூரியா கண்டம்?

பழஞ்சுவடி:
அதுவும் இதிலிருந்து வந்ததுதான். மடகாஸ்கரில் லெமூர், இந்தியாவில் அதன் உறவுக்காரர்கள், நடுவில் கடல், அப்படியானால் இடையில் நிலம் இருந்திருக்க வேண்டும் என்று 1864இல் ஆங்கிலேய விலங்கியலாளர் பிலிப் ஸ்கிளேட்டர் வைத்த பெயர். கண்டங்களே நகர்கின்றன என்று தெரிந்த பிறகு அறிவியலில் அதற்கு வேலை இல்லாமல் போனது. குமரிக்கண்டத்துக்குள் நான் வரவில்லை, திரி நூறு பக்கம் போகும்.

வேப்பங்கிளை:
நன்றி. தேவாங்கு மாதிரி முழிக்காதே என்று என்னைத் திட்டுவார்கள், இனி லெமூர் டார்டிகிரேடஸ் என்று திருத்தப் போகிறேன்.