ஏசி கேஸ் ஏற்றும் முன் அரை மணி நேர வேக்யூம் போதுமா?

நாகை மெக்கானிக்:
அடைமழையில் ஒரு ஸ்பிளிட் ஏசிக்கு கம்ப்ரஸர் மாற்றினேன். ஆர்410ஏ என்ற கேஸில் ஓடும் மெஷின். அரை மணி நேரம் வேக்யூம் போட்டு (பம்ப் வைத்து உள்ளே இருப்பதை உறிஞ்சி), கேஜ் முள் 30 அங்குலப் பாதரச வேக்யூமுக்கு வந்ததும் கேஸ் ஏற்றிவிட்டேன். கூட வந்த பையன் இது பத்தாது என்கிறான். இருபது வருஷமாக இப்படித்தான் செய்கிறேன். முன்பு கொஞ்சம் கேஸை விட்டுக் காற்றைத் தள்ளினாலே போதும்.

மைக்ரான்:
பையன் சொன்னது சரி அண்ணே. காற்று சீக்கிரம் போய்விடும். குழாயின் உள்ளே ஒட்டிய தண்ணீர் ஆவியானால்தான் வெளியே வரும். 25 டிகிரியில் அது கொதிக்க, அழுத்தம் சுமார் 24 மி.மீ. பாதரசத்துக்கு இறங்க வேண்டும். உங்கள் கேஜில் அது ஒரு அங்குலம்கூட இல்லை. 24 மி.மீ.க்கும் 0.5 மி.மீ.க்கும் உள்ள வித்தியாசத்தை அந்த முள்ளில் நம்பிப் படிக்க முடியாது. 0.5 மி.மீ., அதாவது 500 மைக்ரான் வந்ததா என்று மைக்ரான் கேஜ்தான் காட்டும்.

நாகை மெக்கானிக்:
வீட்டுக்காரர் பக்கத்திலேயே நிற்கிறார், அடுத்த வீட்டிலிருந்து போன் வருகிறது. குழாயில் ஈரம் உறிஞ்சும் புது டிரையர் போட்டிருக்கிறேனே, மிச்ச ஈரத்தை அது பிடிக்காதா? இப்படிச் செய்த பழைய ஆர்22 கேஸ் மெஷின்கள் பத்து வருஷம் ஓடியிருக்கின்றன தம்பி.

மைக்ரான்:
ஓடியிருக்கும். அதில் இருந்தது மினரல் ஆயில், ஈரத்தை அவ்வளவாக இழுக்காது. ஆர்410ஏ மெஷினின் கம்ப்ரஸரில் பெரும்பாலும் பிஓஇ என்ற செயற்கை ஆயில். திறந்து வைத்தாலே காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். சூட்டில் அந்த ஈரம் ஆயிலை அமிலமாக்கும், அமிலம் கம்ப்ரஸர் மோட்டாரின் வைண்டிங்கை (கம்பிச் சுற்றை) கெடுக்கும். டிரையர் ஓரளவுதான் தாங்கும். கேஸ் விட்டுக் காற்றைத் தள்ளும் பழக்கத்தை அடியோடு விடுங்கள். புது ஏசிகள் பலவற்றில் இருக்கும் ஆர்32 கேஸ் தீப்பிடிக்கக் கூடியது.

ஃப்ரிட்ஜ் வேலை:
ஈரம் மிஞ்சினால் ஃப்ரிட்ஜில் உடனே தெரியும். நன்றாகக் குளிரும், திடீரென்று நிற்கும், ஆஃப் செய்து வைத்தால் மறுபடி குளிரும். கேபிலரி என்ற மெல்லிய குழாயின் முனையில் ஐஸ் அடைத்துக்கொள்வதுதான் காரணம். ஒரே வீட்டுக்கு மூன்று முறை அலைந்து கற்றுக்கொண்டேன். ஆனால் மைக்ரான் சொல்வதை முழுசாக ஏற்க மாட்டேன். பிஓஇ ஆயில் குடித்த ஈரத்தை வேக்யூம் முழுவதுமாக எடுத்துவிடாது. உள்ளே விடாமல் இருப்பதுதான் பெரிய வேலை. கம்ப்ரஸரின் ரப்பர் மூடியை வெல்டிங் வைக்கும் நேரத்தில்தான் கழற்ற வேண்டும்.

நாகை மெக்கானிக்:
மூடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் சாப்பிடப் போனேன். ஏற்றின கேஸை இனி என்ன செய்வது?

மைக்ரான்:
ரெக்கவரி சிலிண்டரில் எடுத்துவிடுங்கள். டிரையரை மாற்றி, காய்ந்த நைட்ரஜன் விட்டு, மறுபடி வேக்யூம் போடுங்கள். 500க்கு வந்ததும் வால்வை மூடிப் பத்து நிமிடம் பாருங்கள். அழுத்தம் கொஞ்சம் ஏறி ஒரு இடத்தில் நின்றால் ஈரம் இன்னும் இருக்கிறது. நிற்காமல் ஏறினால் லீக். அதற்கு முன்னால் பம்ப் ஆயிலைப் பாருங்கள், வெளுத்திருந்தால் நாள் முழுக்க ஓட்டினாலும் இறங்காது.

நாகை மெக்கானிக்:
இப்போதுதான் பார்த்தேன், மோர் மாதிரி இருக்கிறது. ஆயில் மாற்றிவிட்டு நாளைக் காலை அந்த வீட்டுக்கே போகிறேன். மைக்ரான் கேஜ் பையனிடம் இருக்கிறதாம்.