புதுப்பிப்பு: மினி டிராக்டரில் பழைய கலப்பை மண்ணில் இறங்காத பிரச்சினை தீர்ந்தது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. பழைய ஒற்றைக் கொழு (மண்ணை வெட்டும் இரும்பு முனை) வளைபலகைக் கலப்பை (மண்ணைப் புரட்டிப் போடும் வகை) மேல்மண்ணைச் சுரண்டிக்கொண்டே போகிறது, ஆழம் போவதில்லை என்று கேட்டிருந்தேன். டாப் லிங்க்கை (டிராக்டரையும் கலப்பையின் மேற்பகுதியையும் இணைக்கும், நீளம் மாற்றக்கூடிய தண்டு) சுருக்கியதில் கலப்பையின் மூக்கு குனிந்ததே தவிர, கலப்பையின் வால் தூக்கிக்கொண்டு ஆட ஆரம்பித்தது. கொழுவை மாற்றச் சொன்னதுதான் பலித்தது: முனை மழுங்கினால் கீழ்நோக்கி இழுக்கும் கோணமே போய்விடுகிறது, எவ்வளவு எடை ஏற்றினாலும் சரிவராது. புதுக் கொழு போட்டு, டாப் லிங்க்கைப் பழையபடி நீட்டி, டிராக்டரின் வலது சக்கரம் சாலுக்குள் (முன்பு உழுத பள்ளத்துக்குள்) ஓடும்போது கலப்பைச் சட்டம் மட்டமாக நிற்கும்படி வலப்பக்கத் தூக்குத் தண்டை (கலப்பையின் அந்தப் பக்கத்தைத் தூக்கிப் பிடிக்கும் தண்டு) சுருக்கியதும் சுத்தமாக உழுகிறது. (முதல் சாலுக்கு இந்த அளவு பொருந்தாது, அப்போது இரண்டு சக்கரமும் ஒரே மட்டத்தில்தானே.) எதிர்பாராத ஒன்று, இப்போது அதிகமாக இறங்கிச் சக்கரம் வழுக்கியது, டிராஃப்ட் கண்ட்ரோல் (இழுவைச் சுமைக்கு ஏற்ப உழும் ஆழத்தைத் தானாகச் சரிசெய்யும் அமைப்பு) நெம்புகோலைச் சற்று மேலே வைத்ததும் அதுவும் சரியானது.